அரசுத் தளங்களின் வலைச் சேவையகத் தரநிலை: தமிழ்நாடு மின்னாளுமை முகமைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் முதன்மைச் செயல் அலுவலர் அவர்களுக்கும், தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறையின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

அரசுத் துறைகள், வாரியங்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் வலைத்தளங்களை இயக்கும் சேவையக மென்பொருளுக்கு, மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் தரநிலை ஒன்றை அரசாணையாக வெளியிட வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். வலைச் சேவையகங்களை நிறுவுவதும் பராமரிப்பதும் என் தொழில். பட்டா நகல் எடுக்கும் உழவரும், வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் மாணவியும் திரையில் காண்பது ஒரு படிவத்தை மட்டுமே. அந்தப் படிவத்தை அனுப்பி, அவர்கள் நிரப்பித் தரும் விவரங்களை வாங்கி உள்ளே சேர்ப்பது அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் (இவ்விரண்டும் எவரும் மூல நிரலைப் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள்கள்), மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் போன்ற ஒரு சேவையக மென்பொருள். அது எந்த நிலையில் இருக்கிறது என்று மக்கள் பார்க்க வழியில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்களா என்பதை அறிய எழுத்துப்பூர்வமான அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் எப்படி அமைய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எந்த மென்பொருளை வாங்குவது என்ற கேள்விக்கு விடை சொல்வதோடு அந்த ஆவணம் முடிந்துவிடக் கூடாது. நிறுவிய மென்பொருளைத் தளம் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் யார், எத்தனை நாளுக்குள், எந்தப் பணத்தில் புதுப்பிப்பார்கள் என்பதையே அது முதலில் கட்டாயமாக்க வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் சேவையகம் பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: இன்ன மென்பொருள், இன்ன பதிப்பு, அல்லது அதற்கு இணையானது. ஆவணம் தயாராகி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, தளம் பயன்பாட்டுக்கு வருவதற்குள் அந்தப் பதிப்பு பழையதாகிவிடுகிறது. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், பதிப்பை உயர்த்த வேண்டும் என்று எழுதிக் கேட்டபோது, ஒப்பந்தத்தில் உள்ளது பழைய பதிப்புதான் என்றும், உயர்த்துவதானால் அது கூடுதல் வேலை, தனிக் கட்டணம் வேண்டும் என்றும் தளத்தை அமைத்த நிறுவனம் பதில் எழுதியது. நிதி ஒப்புதலுக்காகக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்த காலம் முழுவதும், குறை இருப்பதாக ஊரறிந்த ஒரு பதிப்பு மக்களின் விவரங்களை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனம் ஒப்பந்தப்படி நடந்தது. அலுவலர்கள் நிதி விதிப்படி நடந்தார்கள். பதிப்பு எண்ணை ஒப்பந்தத்தில் பூட்டி வைத்ததுதான் தவறு.

மென்பொருளின் பெயரே பாதுகாப்பைத் தந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் துறையில் பழையது. 2001 ஜூன் 18 அன்று ஐஐஎஸ் சேவையகத்தில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளில் ஒரு மாதம் கழித்து, ஜூலை 19 அன்று, கோட் ரெட் என்ற புழு (தானாகவே பரவும் கெடுநிரல்) ஒரே நாளில் 3,59,000-க்கும் மேற்பட்டவற்றில் புகுந்தது. வெள்ளை மாளிகைத் தளத்தை முடக்குவதற்காக அது எழுதப்பட்டிருந்ததால் அந்தத் தளத்தின் இணைய முகவரியையே மாற்ற வேண்டியதாயிற்று. செப்டம்பரில் நிம்டா வந்தது. இரண்டு புழுக்களாலும் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் ஐஐஎஸ்ஸை விட்டு வேறு சேவையகத்துக்கு மாறுவதை உடனே ஆராய வேண்டும் என்று கார்ட்னர் ஆய்வு நிறுவனம் அப்போது பரிந்துரைத்தது. திறமூல மென்பொருள் என்றால் கவலையில்லை என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் குறை, அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் தகவலை மறையாக்கி அனுப்ப நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தில் இருந்தது. ஐஐஎஸ் வேறு நூலகத்தைப் பயன்படுத்துவதால் தப்பித்தது. கனடாவின் வருவாய் முகமை, வரிக்கணக்கு தாக்கல் செய்யும் பருவத்தின் நடுவில் தன் இணையச் சேவைகளை நிறுத்தியது. அதற்குள் ஏறக்குறைய 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயிருந்தன. தாக்கல் செய்வதற்கான கடைசி நாளையும் தள்ளி வைக்க நேர்ந்தது. 2021 அக்டோபரில் இன்னொரு பாடம் கிடைத்தது. அப்பாச்சியின் 2.4.49 என்ற அப்போதைய புத்தம்புதிய பதிப்பில் கோப்புறைகளுக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்டிப் படிக்க வழி தரும் குறை புகுந்திருந்தது. அதைச் சரிசெய்ய வந்த 2.4.50 முழுமையாகச் சரிசெய்யவில்லை. சில நாள்களுக்குள் 2.4.51 வந்தது. 2.4.49-க்கு முந்தைய பதிப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே இன்ன பெயர் பாதுகாப்பானது என்றோ, எப்போதும் ஆகப் புதியதே பாதுகாப்பானது என்றோ எழுதும் விதி நிலைக்காது. அறிவிப்பு வந்ததும் அதைப் படித்து, தன் கணினியில் அது உண்டா என்று பார்த்து, சோதித்து, திருத்தம் போடுவதற்கு ஒருவர் பொறுப்பில் இருக்கிறாரா என்பதே எல்லா நிகழ்விலும் முடிவைத் தீர்மானித்தது.

பதிப்பு எண் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தணிக்கை அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் பிழையாக எழுதப்படும் இடம் இது. ரெட் ஹாட் லினக்ஸின் இலவச மறுஆக்கமான சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்தோடு வந்த அப்பாச்சியின் எண் 2.4.6, அது 2013-ல் வெளியானது. ஆனால் ரெட் ஹாட் நிறுவனம் பின்னாளில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களை அதே எண்ணுக்குள்ளேயே சேர்த்து வெளியிட்டு வந்தது. எண்ணை மட்டும் பார்த்த தணிக்கையாளர் பல ஆண்டுகளாக அதைக் குறை என்று எழுதினார். சேவையகப் பணியாளர் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுதினார். 2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு முடிந்தது. அன்று முதல் அதே 2.4.6 உண்மையிலேயே கைவிடப்பட்ட மென்பொருள். எண் மாறவில்லை, ஆபத்து மாறிவிட்டது. சேவையகம் தன் எண்ணை வெளியே காட்டாதபடி மறைத்துவிட்டால் தணிக்கைக் கருவி வாயடைத்துப் போகும், குறை அப்படியே இருக்கும். ஆதலால் தரநிலையில் எண் வேண்டாம். திருத்தம் எங்கிருந்து வருகிறது, அந்த ஆதரவு எந்த நாளில் முடிகிறது, முடிவதற்கு எத்தனை மாதம் முன்பே மாற்றுத் திட்டம் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒவ்வொரு தளத்துக்கும் பதிவு செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கான பொது ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்தது. அந்த நாள் பல ஆண்டுகள் முன்பே அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாள்கள் எவையும் திடீரென்று வருவதில்லை.

திருத்தம் போடுவதற்குக் கெடு வேண்டும். அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2019-ல் தன் கூட்டாட்சி முகமைகளுக்கு விதித்த ஆணையில், இணையத்துக்குத் திறந்திருக்கும் கணினிகளில் மிகக் கடுமையான குறைகளை 15 நாளுக்குள்ளும் கடுமையான குறைகளை 30 நாளுக்குள்ளும் சரிசெய்யச் சொன்னது. நம் மாநிலத்துக்கு எத்தனை நாள் பொருத்தம் என்பதைத் தாங்கள் முடிவு செய்யலாம். கெடுவைத் தாண்டும்போது காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டிய பதவி எது என்பதும் அதே பத்தியில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சான்றிதழ்கள் இந்த ஆண்டுகளில் பெருஞ்சிக்கலாகப் போகின்றன. உலாவியில் பூட்டுக் குறியைத் தரும் டிஎல்எஸ் சான்றிதழின் ஆயுள் 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாளாக இருந்தது. சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஆண்டுக்கு ஒரு முறை குறிப்பு எழுதி, விலைப்புள்ளி கேட்டு, ஒப்புதல் பெற்றுச் சான்றிதழ் வாங்கும் நடைமுறை 47 நாளுக்கு ஒரு முறை நடக்காது. நடக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நிதியின்றி முடங்கியபோது, புதுப்பிக்க ஆளில்லாமல் 80-க்கும் மேற்பட்ட அரசுச் சான்றிதழ்கள் காலாவதியாயின. சில தளங்களை மக்கள் திறக்கவே முடியவில்லை. சான்றிதழைச் சேவையகமே கேட்டுப் பெற்றுப் பொருத்திக்கொள்ளும் ஆக்மி என்ற திறந்த நெறிமுறை 2019-ல் ஆர்எஃப்சி 8555 என்ற இணையத் தரநிலை ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. அப்பாச்சிக்கு அதற்கான கூறு உண்டு. மற்றவற்றுக்கும் கருவிகள் உண்டு. புதிதாக நிறுவப்படும் எந்தச் சேவையகமும் ஆக்மி வழியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று இன்றே எழுதிவிட்டால், 2029-ல் எந்த மாவட்ட அலுவலகத்துக்கும் இடைஞ்சல் வராது. மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகள் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சிலேயே இணையத் தரநிலைக் குழுவால் கைவிடப்பட்டவை என்பதால் அவற்றை அணைப்பது பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை.

சேவையகத்துக்கு யார், எப்போது, எதைக் கேட்டு வந்தார் என்று குறித்து வைக்கும் நிகழ்வுப் பதிவுகள் பற்றிச் சட்ட வலிமை உள்ள ஆணை ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பாதுகாப்பு நிகழ்வை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கவும் சொல்கின்றன. ஆனால் உபுண்டு இயங்குதளத்தில் அப்பாச்சியையோ என்ஜின்எக்ஸையோ நிறுவி அப்படியே விட்டால் பதிவுகள் 14 நாளில் அழிகின்றன. ரெட் ஹாட் வழிவந்த இயங்குதளங்களில் அப்பாச்சியின் பதிவுகள் ஏறக்குறைய நான்கு வாரத்தில். ஆணை ஓர் அலமாரியிலும் அமைவுக் கோப்பு வேறோர் இடத்திலும் இருக்கின்றன. நிறுவிய நாளிலேயே ஒரு வரியை மாற்றச் சொல்லித் தரநிலை கூறாவிட்டால், திருட்டு நடந்து மூன்று மாதம் கழித்து விசாரிக்க வருபவருக்குப் படிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

இனி, தமிழுக்கே உரிய ஒரு செய்தி. வேறு எந்த நாட்டின் ஆவணத்தைப் பார்த்து எழுதினாலும் இது விடுபட்டுவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எழுதப்பட்டது என்பதை அந்தப் பக்கமே தன் தலைப்பகுதியில் சொல்லலாம். சேவையகமும் அதை அனுப்பும்போது சொல்லலாம். இரண்டும் முரண்பட்டால் உலாவி சேவையகத்தின் சொல்லையே ஏற்கும். அப்பாச்சியில் ஆட்-டிஃபால்ட்-சார்செட் என்ற ஓர் அமைவு உண்டு. பழைய மாதிரி அமைவுக் கோப்புகளில் அது ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தைக் குறித்தது. அந்தக் கோப்பைக் காலங்காலமாக நகலெடுத்துப் பயன்படுத்தும் சேவையகத்தில் யுனிகோடு தமிழ்ப் பக்கத்தை வைத்தால், மேலே கோடும் குறியும் போட்ட ரோமன் எழுத்துகளின் குவியலாக அது திரையில் தெரியும். ரெட் ஹாட் வழிவந்தவற்றில் அதே அமைவு யுனிகோடின் ஒரு வடிவமான யுடிஎஃப்-8 என்று இருக்கும். அது இன்றைய பக்கங்களுக்குச் சரி. ஆனால் 2000-களில் டாப், டாம், டிஸ்கி குறியாக்கங்களில் ஏற்றப்பட்ட பழைய சுற்றறிக்கைகளும் அரசாணைகளும் அதன்வழி வந்தால் உடைந்த கட்டங்களாகிவிடும். பக்கத்தை எழுதியவர் மேல் பிழையில்லை. எழுத்துருவைத் தேடித் தேடி நிறுவும் வாசகர் மேலும் பிழையில்லை. சேவையகத்தின் ஒரு வரி அது.

எல்லாத் தளங்களும் யுடிஎஃப்-8 என்றே அறிவிக்க வேண்டும் என்றும், பழைய குறியாக்கக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி மூலத்தையும் தனியே பாதுகாக்க வேண்டும் என்றும் தரநிலை சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசுக்கு இது புதிய பாதையன்று. 1999-ல் தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் தரப்படுத்தியபோதும், 2010-ல் யுனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் ஏற்றபோதும், அரசு எந்த ஒரு நிறுவனத்தின் எழுத்துருவையும் வாங்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற விதியை வெளியிட்டது. அதைப் பின்பற்றி யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம் என்று விட்டது. சேவையகத்துக்கும் அதே அணுகுமுறையைத்தான் கேட்கிறேன்.

பொருளின் பெயரை விதியாக்கினால் அந்தப் பிணைப்பு பயனர் வரை நீளும் என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்கள் உதவிக்குப் பதிவு செய்ய அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா நடத்திய தளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியில் மட்டுமே வேலை செய்தது. நிவாரண முகாமில் கிடைத்த கணினி ஆப்பிள் மேக்காகவோ லினக்ஸாகவோ இருந்தால் அவர்களால் பதிவு செய்ய முடியவில்லை.

மே மாதத்துச் சுமையையும் தரநிலை கருத வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வை ஆண்டுதோறும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதுகிறார்கள். முடிவு வெளியாகும் மணித்துளியில் அவர்களும் உறவினர்களும் ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்கிறார்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையை ஒதுக்கும் பழைய அமைப்பில் நினைவகம் தீர்ந்து கணினி மண்டியிடும். ஒரே செயல்முறையில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையாளும் முறை என்ஜின்எக்ஸில் தொடக்கத்திலிருந்தே உண்டு. அப்பாச்சியிலும் ஈவென்ட் என்ற இயக்கமுறையாக 2.4 முதல் முழுமையாக இருக்கிறது. ஆகையால் இங்கேயும் பெயர் தேவையில்லை. வெளியீட்டுக்கு முன் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகளோடு சோதிக்கப்பட்டது, பதில் தர எத்தனை நொடி ஆனது என்ற அறிக்கை இல்லாமல் அத்தகைய தளம் திறக்கப்படக் கூடாது என்பதே போதுமானது.

எதையும் பயன்படுத்தலாம் என்று விட்டால் பராமரிக்க ஆள் கிடைக்காது என்று தாங்கள் கூறலாம். அது நியாயமான கவலை, எனக்கும் உண்டு. பத்து வகைச் சேவையகங்களைப் பத்துத் துறைகள் நடத்தினால், ஒரு குறை வெளியான இரவில் எங்கே என்ன ஓடுகிறது என்றே யாருக்கும் தெரியாது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2002-ல் வெளியிட்டு 2007-ல் திருத்திய பொது வலைச் சேவையகப் பாதுகாப்பு வழிகாட்டி எந்தப் பொருளையும் கட்டாயமாக்காமல், செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. அந்நாட்டின் பாதுகாப்புத் துறையோ அப்பாச்சிக்குத் தனியாகவும் ஐஐஎஸ்ஸுக்குத் தனியாகவும், எந்தக் கோப்பில் எந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை வைத்திருக்கிறது. நமக்கும் இந்த இரண்டு அடுக்கும் வேண்டும். அரசாணை விதியைச் சொல்லட்டும். முகமை இரண்டு அல்லது மூன்று மென்பொருள்களுக்கு மட்டும் அமைவுப் பட்டியலைப் பராமரித்து ஆண்டுதோறும் திருத்தட்டும். அவற்றுக்கு வெளியே போக விரும்பும் துறை தன் செலவில் அதே விதிகளை நிறைவேற்றிக் காட்டட்டும். மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு திறந்த தரநிலைக் கொள்கையும், 2015-ஆம் ஆண்டு திறமூல மென்பொருள் கொள்கையும், 2023-ல் மூன்றாம் பதிப்பாக வந்த அரசு வலைத்தள வழிகாட்டி நெறிகளும் இதற்கு முரணானவை அல்ல. ஆனால் அவை எல்லாவற்றையும் படித்து, தன் முன்னால் உள்ள ஒரு கணினியில் எதை மாற்றுவது என்று ஒரு மாவட்டத் தொழில்நுட்பப் பணியாளர் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது.

பணமும் பொறுப்பும் இல்லாத தரநிலை தாளோடு நின்றுவிடும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு இருந்தது. வெட்டிய ஏரியைக் காப்பது அதன் வேலை. ஒவ்வொரு தளத்துக்கும் அப்படி ஒரு பெயர் சொல்லும் பொறுப்பு வேண்டும். தளம் அமைக்கும் மதிப்பீட்டில் ஆண்டுப் பராமரிப்பு தனித் தலைப்பாக இருக்க வேண்டும். பதிப்பு உயர்த்துவது பராமரிப்பின் பகுதியே, கூடுதல் வேலை ஆகாது என்று மாதிரி ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் விலகும்போது அமைவுக் கோப்புகளும் திறவுகோல்களும் துறையிடம் ஒப்படைக்கப்பட்டதற்கான சான்று இல்லாமல் இறுதித் தவணை விடுவிக்கப்படக் கூடாது. இனி யாரும் நடத்தாத தளம் என்றால் அதை மூடிவிடுவதும் தரநிலையின் பகுதியாக இருக்கட்டும். ஒரு மாநாட்டுக்காகவோ ஒரு திட்டத்தின் தொடக்க விழாவுக்காகவோ உருவாகி, பிறகு எவரும் திரும்பிப் பார்க்காத சேவையகம்தான் உள்ளே நுழைய எளிய வாசல்.

இத்தரநிலையின் வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு, சேவையகப் பணியாளர்களும் கல்லூரி ஆசிரியர்களும் சிறு தொழில்நுட்ப நிறுவனங்களும் கருத்துக் கூற குறைந்தது இரண்டு மாத அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இறுதி ஆணைக்குப் பிறகு, எந்தத் துறையின் தளங்கள் விதியை நிறைவேற்றியுள்ளன, எவை இன்னும் மாறவில்லை என்ற பட்டியலைக் காலாண்டுதோறும் பொதுவில் வைக்கவும் வேண்டுகிறேன். குறைகளின் நுட்ப விவரம் அதில் வேண்டாம்; துறையின் பெயரும் கெடு நாளும் இருந்தால் போதும். வரைவு வெளியாகும்போது, மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் அமைவு வரிகளோடு என் கருத்துரையை எழுதி அனுப்புவேன்.

தங்கள் உண்மையுள்ள,
சேவையகப் பராமரிப்பாளர் ஒருவர்,
சென்னை